பலகை நட்டீர்கள், பாறை அப்படியே நிற்கிறது: ஏற்காடு மலைப்பாதைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்காடு மலைப்பாதையைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கும் பொறியாளர்களுக்கு,

சென்ற மாதம் நீங்கள் நட்ட பலகையிலிருந்தே தொடங்குகிறேன். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து: 'பாறைகள் உருளும் பகுதி. மெதுவாகச் செல்லவும்.' பத்தொன்பது ஆண்டுகளாக அந்த வளைவைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கடந்துகொண்டிருப்பவள் நான். வீடு கோரிமேட்டில்; வேலை மலைமேல் ஒரு பள்ளியில், கணித ஆசிரியை. பலகை வந்த மறுநாள் அதையே எட்டாம் வகுப்புக்குக் கணக்காகக் கொடுத்தேன். பாறைக்கு நேர் கீழே வரும் சாலையின் நீளம் 60 மீட்டர். நானே காலடி வைத்து அளந்தது. பஸ் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எத்தனை வினாடி பாறைக்குக் கீழே இருக்கும்? ஏறத்தாழ 11. பலகையின் சொல்லைக் கேட்டு ஓட்டுநர் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால்? 22. கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "அப்படியென்றால் பலகையை மதித்தால் ஆபத்து இரண்டு மடங்கா டீச்சர்?" என்றான்.

அவனுக்கு நான் சொல்லாத பதிலை உங்களிடம் கேட்கிறேன். சாலையில் ஏற்கெனவே விழுந்து கிடக்கும் கல்லின்மேல் மோதாமலிருக்க வேகக் குறைப்பு உதவும், அதை மறுக்கவில்லை. மேலிருந்து வருகிற கல்லுக்கு அது உதவாது. பிற இடங்களில் இத்தகைய சரிவுகளின் கீழே 'இங்கே வண்டியை நிறுத்தாதீர்கள்' என்று எழுதுகிறார்கள். நம் பலகையோ நின்று நிதானமாகப் போகச் சொல்கிறது. அதுவும் எந்த இடத்தில்? மேலே ஏறும் வண்டிக்கு வழிவிட, இறங்கும் பஸ் காத்து நிற்கும் இடத்தில். கொய்யாவும் பலாச்சுளையும் விற்கும் அக்காக்கள் கூடை வைத்து உட்காரும் இடத்தில். சுற்றுலா வருகிறவர்கள் குரங்குக்குப் பொரி போட்டுப் படம் எடுக்கும் இடத்தில்.

பலகையோடு மட்டும் விட்டிருந்தால் ஒருவேளை இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். மனு எழுதிக் களைத்துப்போனவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அதே வளைவின் உட்புறச் சரிவை வெட்டிச் சாலையை அகலப்படுத்தப் போகிறீர்கள் என்றும், வேலை ஐப்பசியில் தொடங்கும் என்றும் அளவெடுக்க வந்தவர்களே சொன்னார்கள். சுண்ணாம்புக் கோடும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஐப்பசி! வடகிழக்குப் பருவமழை இறங்கும் மாதத்தில், ஏற்கெனவே தளர்ந்து நிற்கும் ஒரு சரிவின் அடியை பொக்லைனால் சுரண்டுவது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை அடுக்குகிறவரிடம் கேட்டுப் பாருங்கள், அடி மூட்டையை உருவலாமா என்று.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடலோரத்தோடு முடியும் என்று நினைத்த மழை உள்நாட்டுக்குள் வந்து நம் மலைமேல் நின்று கொட்டியது. டிசம்பர் முதல் நாட்களில் மலைப்பாதையில் மண்ணும் கல்லும் சரிந்து போக்குவரத்து நின்றது. கொட்டும் மழையில் நின்று மண் அள்ளிய உங்கள் சாலைப் பணியாளர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் குறை, வழி திறந்த பிறகு நடந்ததைப் பற்றியது. விழுந்ததை அள்ளினீர்கள். மணல் மூட்டை அடுக்கினீர்கள். தடுப்புச் சுவர்களுக்குக் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை அடித்தீர்கள். கோடை விழா வந்தது, மலர்க் கண்காட்சி வந்தது, மலை நிறையக் கார்கள் வந்தன. விழுந்த கல்லுக்குப் பக்கத்தில், அதே கீறலில், விழாமல் நின்ற கல்லை மட்டும் யாரும் ஏறிப் பார்க்கவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிப்பதில்கூட வால் கையில் இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

கல்லைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். என் அப்பா கல் உடைப்பவர். சேலத்தைச் சுற்றியுள்ள கரடுகளில் சம்மட்டி பிடித்து என்னைப் படிக்கவைத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு கொண்டுபோனால், வேலை தொடங்குமுன் அவர் செய்யும் ஒரு காரியத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தலைக்கு மேலே இருக்கும் பாறை முகத்தை நீளக் கடப்பாரையால் ஒவ்வோரடியாகத் தட்டிக்கொண்டே போவார். கணீரென்று வந்தால் கல் மலையோடு இருக்கிறது. பொத்தென்று வந்தால் மலையை விட்டுவிட்டது. அதை முதலில் நெம்பி இறக்கிவிட்டுத்தான் கீழே உட்கார்ந்து உளி பிடிக்க வேண்டும். இறக்காமல் வேலை செய்யச் சொன்ன மேஸ்திரியோடு சண்டை போட்டு ஒரு வாரக் கூலியை விட்டுவிட்டு வந்தவர் அவர்.

அந்த ஒரு வாரமும் வீட்டில் கேழ்வரகுக் களிதான். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

டிசம்பருக்குப் பிறகு, பொங்கல் விடுமுறையில், நானும் அந்த வளைவில் ஏறித் தட்டிப் பார்த்தேன். எட்டிய உயரம் வரையில்தான். ஐந்து இடங்களில் பொத்தென்றது. சாலையைப் பார்த்துச் சாய்ந்த ஒரு நீளக் கீறலின் குறுக்கே, அப்பா சொல்லித் தந்தபடி, சிமெண்ட் குழைத்துக் கையகலத்தில் மூன்று பட்டைகள் பூசி, ஒவ்வொன்றின்மேலும் தேதி எழுதினேன். கீறல் அசையாவிட்டால் பட்டை அப்படியே இருக்கும். அசைந்தால் சிமெண்ட் வெடிக்கும். பொய் சொல்லாத சாட்சி. சித்திரையில் இடி மழை பெய்த வாரத்தில் மேல் பட்டை வெடித்தது. ஆடியில் நடுப்பட்டையும் வெடித்தது. அந்த வெடிப்பில் இப்போது ஐந்து ரூபாய் நாணயத்தை நிறுத்தி வைக்கலாம். கீழ்ப் பட்டை இன்னும் முழுசாக இருக்கிறது. அதாவது கல்லின் தலை முன்னால் சாய்கிறது, அடி பிடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பது அந்த அடியில்தான்.

இதைப் படங்களோடு மனுவாக எழுதித் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தேன். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு காகிதம் வந்தது. நேரில் போனபோது உங்களில் ஒருவர் மரியாதையாகவே பேசினார். நாற்காலி தந்தார். ஆனால் அவர் சொன்ன மூன்று பதில்களில் ஒன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை.

"இது பல கோடி ஆண்டுப் பாறை, டீச்சர். அவ்வளவு எளிதில் அசையாது" என்பது முதல் பதில். உண்மைதான். நம் சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்னும் கருங்கல் வகை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லாகப் போன பாறைக்கு அவர் பெயராலேயே வந்த பெயர் அது. இதே வகைக் கல், சென்னைப் பக்கம் பரங்கிமலை, பல்லாவரத்திலும் இருக்கிறது. இந்தப் பகுதிப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. ஆனால் பாறைக்குத்தான் அந்த வயது. வெட்டுக்கு அந்த வயது இல்லை. மலை தானாகச் சாய்ந்து அமர்ந்த கோணத்தை மாற்றிச் சாலைக்காகச் செங்குத்தாக வெட்டியது மனிதக் கை. வெட்டும்போது வைத்த வெடி, கண்ணுக்குத் தெரியாத கீறல்களைத் திறந்துவிட்டது. திறந்த கீறலில் மண் சேர்ந்து, உண்ணிச்செடி முளைத்து, அத்தி வேர்விட்டு, ஒவ்வொரு மழைக்கும் நூலளவு விலகிக்கொண்டிருக்கிறது. மேலே, மட்கிச் சிவந்த மண்ணுக்குள் பந்துபந்தாக உருண்டைக் கற்கள் புதைந்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். பாறை நூறாயிரக்கணக்கான ஆண்டுகள் மட்கும்போது மட்காமல் எஞ்சிய நடுப்பகுதிகள் அவை. சுற்றியிருக்கும் மண் கரைந்தால் அவற்றைப் பிடித்துவைக்க எதுவுமில்லை.

அந்த மழையில்தான் எனக்கு முக்கியமான கணக்கு இருக்கிறது. பத்தடி ஆழமுள்ள ஒரு செங்குத்துக் கீறல் தண்ணீரால் நிறைந்தால், அந்தத் தண்ணீர் கல்லைச் சாலைப் பக்கம் எவ்வளவு விசையோடு தள்ளும்? ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் நான்கரை டன்னுக்கு மேல். கீறலின் அகலத்துக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பே இல்லை. ஒரு சாண் அகலமாக இருந்தாலும் சரி, நகக்கண் அளவு இருந்தாலும் சரி, நிறைந்தால் தள்ளுவது ஒன்றுதான். ஆழம் இரட்டித்தால் தள்ளுவிசை நான்கு மடங்கு. எனவே சரிவைக் காப்பது என்பது முதலில் தண்ணீரை வெளியேற்றுவது. உங்கள் படிப்பில் இது முதல் ஆண்டுப் பாடமாக இருக்கும். அப்படியிருக்க, அந்த வளைவின் தாங்குசுவரில் நீர் கசிய விட்டிருந்த பதினான்கு குழாய்த் துளைகளில் பதினொன்றை, சுவருக்குப் பூச்சு பூசிப் பட்டை அடித்தபோது, சிமெண்டால் அடைத்துவிட்டார்கள். மழை விட்ட மறுநாள் நின்று எண்ணினேன். மூன்றில்தான் நீர் சொட்டியது. சுவரின் தலைப்பில் இப்போது ஈரம் புதிதாக மேலேறியிருக்கிறது. உள்ளே நீர் நிற்கிறது என்பதற்கு வேறென்ன அடையாளம் வேண்டும்?

இரண்டாவது பதில்: "சாலை எங்களுடையது, அதற்கு மேலே எங்கள் நிலம் இல்லை." இதை அவர் சலிப்போடு சொன்னார், அவர் சலிப்பு எனக்குப் புரிகிறது. சாலை ஒரு துறை. சரிவு இன்னொரு துறை. அதற்கும் மேலே ஒரு தனியார் காபித் தோட்டம். அதன் ஓடை மழைக்காலத்தில் நேராக அந்தச் சரிவின் தலையில் வந்து விழுகிறது. உச்சியில் முன்பு ஒரு கால்வாய் இருந்தது. மேலிருந்து வரும் நீரை ஓரமாகத் திருப்பிவிட்ட கால்வாய். அது இப்போது சில்வர் ஓக் சருகால் மேடாகிக் கிடக்கிறது. யார் தூர்வார வேண்டும் என்று கேட்டால் மூன்று பேரும் மற்ற இரண்டு பேரைக் காட்டுகிறார்கள். ஒரு கல்லுக்கு இந்த எல்லைக் கணக்கு எதுவும் தெரியாது. தோட்டத்து நீரால் தள்ளப்பட்டு, இன்னொரு துறையின் நிலத்திலிருந்து கிளம்பி, உங்கள் சாலையில்தான் விழும். விழுந்தபின் அள்ளுவது உங்கள் செலவு. விழுமுன் தடுப்பது யார் செலவு என்று இன்றுவரை முடிவாகவில்லை. இந்த மலைப்பாதையில் எனக்கிருக்கும் பெரிய அச்சம் பாறையைப் பற்றியதல்ல. சாலைக்கு ஆள் இருந்து சரிவுக்கு ஆள் இல்லாமல் போனதைப் பற்றியது.

மூன்றாவது பதில், வரைபடம். நிலச்சரிவு வாய்ப்புள்ள பகுதிகளை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2014 முதல் நாடு முழுவதும் வரைபடமாக்கியிருக்கிறது, அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம் என்றார். நல்ல பணி, மதிக்கிறேன். ஆனால் அது 1:50,000 அளவில் வரைந்தது. என் 60 மீட்டர் அதில் 1.2 மில்லிமீட்டர். எந்த மலையைக் கவனிக்க வேண்டும் என்று அது சொல்லும். எந்தக் கல்லை என்று சொல்லாது. அதற்கு ஒருவர் கடப்பாரையோடு ஏற வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வளைவு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனையாவது என்பதை மனுவில் எழுதியிருக்கிறேன். இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் அதை மட்டும் பூசிவிட்டுப் போவீர்கள் என்று தோன்றுகிறது. அடிவாரச் சோதனைச் சாவடி தாண்டியதிலிருந்து மேலே போகும்வரை, இதைப் போன்ற இடங்கள் என் கணக்கில் இன்னும் ஆறோ ஏழோ உண்டு. பஸ் ஓட்டுநர்களைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். சிறு கல் உருண்டு வந்தால் அவர்கள் முதலில் மேலே பார்ப்பார்கள்: குரங்கா, மலையா? குரங்கு என்றால் ஹாரன். மலை என்றால் பிரேக்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை முதல் பஸ்ஸில் அப்படித்தான் நடந்தது. சரளை உதிர்ந்தது. ஓட்டுநர் நிறுத்திவிட்டுப் பின்னுக்கு எடுத்தார். ஆட்டுக்கல் அளவில் ஒன்று வந்து, பஸ் ஒரு நொடிமுன் நின்ற இடத்துக்குப் பத்தடி முன்னால், வடிகாலின் விளிம்பை உடைத்துக்கொண்டு போனது. என் பக்கத்தில் ஒரு பெண், மடியில் முட்டைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். முட்டை ஒன்றும் உடையவில்லை. யாருக்கும் ஒன்றுமில்லை என்பதால் அது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஒரு கன அடிக் கருங்கல் 75 கிலோவுக்குக் குறையாது. அது 20 மீட்டர் உயரத்திலிருந்து தடையில்லாமல் விழுந்தால் கீழே வருவதற்கு இரண்டு வினாடி. வரும்போது அதன் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸின் கூரைத் தகடு எத்தனை மில்லிமீட்டர் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த ஓட்டுநர் பெயரை இங்கே எழுதினால் அவருக்குத்தான் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். எனவே அவர் ஓட்டுநர், அவ்வளவுதான்.

பாதை அடைபட்டால் என்ன ஆகும் என்பதும் கீழே இருப்பவர்களுக்கு முழுதாகத் தெரிவதில்லை. சேலத்துக்காரர்களுக்கு அது ஒரு வார இறுதிச் சுற்றுலா போயிற்று என்பதோடு சரி. மலைக் கிராமங்களுக்குப் பால், அரிசி, மருந்து, பிரசவம் எல்லாம் இந்தக் கயிற்றில்தான் தொங்குகின்றன. என் மாணவன் ஒருவனின் பாட்டி டயாலிசிஸுக்காக வாரம் இருமுறை சேலம் அரசு மருத்துவமனைக்கு இறங்க வேண்டியவர். ஒருமுறை பாதை மூடியபோது குப்பனூர் வழியாகச் சுற்றி இறக்கினார்கள். ஜீப் வாடகைக்கு அந்த வீடு ஓர் ஆட்டை விற்றது. வாடகையைக் கொடுத்துவிட்டு, மறுநாள் அந்தப் பையன் வகுப்பில் வட்டிக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தான்.

2024 டிசம்பர் 1 அன்று, இதே புயல் மழையில், திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி ஒரு வீட்டை மூடி, குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அதன்பிறகு நிபுணர்கள் அந்த மலையில் ஏறினார்கள். 2003 ஜூன் 22 அன்று மகாராஷ்டிரத்தின் வைபவ்வாடி அருகே கொங்கண் ரயில் பாதையில் பாறைகள் விழுந்து ஒரு சிறப்பு ரயில் தடம்புரண்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதன்பிறகு அந்தப் பாதையின் வெட்டுகளில் கம்பி வலை போர்த்தினார்கள், பாறைக்குள் எஃகு ஆணி இறக்கினார்கள், சரிவுகளைச் சாய்த்துச் செதுக்கினார்கள். மழைக்காலம் முழுவதும் ஆள் நடந்து காவல் காக்கிறார்கள்; ரயில்களின் வேகத்தைக் குறைத்து மழைக்காலத்துக்கென்றே தனிக் கால அட்டவணை போடுகிறார்கள். செய்யத் தெரியாத வேலை இல்லை. இரண்டு இடங்களிலும் 'அதன்பிறகு' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. நம் வளைவில் இன்னும் 'அதற்கு முன்பு'தான்.

பக்கத்திலேயே, நீலகிரி மலைச்சாலைகளில், தளர்ந்த மண்சரிவுகளுக்குள் நீளக் கம்பிகளை ஆணியாக இறக்கி, மேலே புல் விதைக் கலவையைப் பீய்ச்சிப் பசுமையாக்கும் முறையைச் செய்துபார்த்திருக்கிறார்கள். மண்ணுக்கு அது பொருந்தும். நம் வளைவில் மேல் பாதி மண், கீழ் பாதி பாறை. எனவே இரண்டு மருந்தும் வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றொன்றுக்கும் பூசினால் நோய் உள்ளே போகும். அதிலும் பாறை முகத்தில் காங்கிரீட்டைப் பீய்ச்சி மூடிவிடும் வேலையை அவசரப்பட்டுச் செய்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வடிகால் துளை இல்லாமல் முகத்தை மூடினால், தாங்குசுவரில் நடந்ததே பெரிய அளவில் நடக்கும். வெளியே பார்க்கச் சாம்பல் நிறத்தில் உறுதியாகத் தெரியும். அதுதான் அதன் ஆபத்து. வலை போர்த்துவதும் அப்படியே. சிறு கற்களைப் பிடித்துக் கீழே வடிகாலில் இறக்க வலை போதும். என் பட்டை பூசிய கல் ஒரு மாட்டுக் கொட்டகை அளவு. அது கிளம்பினால் வலையையும் சேர்த்துக்கொண்டுதான் வரும். அதற்கு, கீறலைத் தாண்டி உள்ளே இருக்கும் நல்ல பாறைவரை துளையிட்டு, ஆணி இறக்கி, சிமெண்ட் பால் செலுத்தி, இழுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். அல்லது முறையாக உடைத்து இறக்கிவிட வேண்டும். எது என்று முடிவு செய்ய வேண்டியவர் பாறை பற்றிப் படித்த பொறியாளர். நான் இல்லை, ஒப்பந்ததாரரும் இல்லை.

இனி, கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிடுகிறேன்.

ஐப்பசியில் தொடங்கவிருக்கும் அகலப்படுத்தும் வேலையை நிறுத்துங்கள். சரிவை ஒரு புவியியலாளரும் பாறைப் பொறியாளரும் ஏறிப் பார்த்து எழுத்தில் அறிக்கை தரும்வரை அதன் அடியில் ஒரு கூடைக் கல்லைக்கூட எடுக்க வேண்டாம். அதன்பிறகும் வெட்டத்தான் வேண்டும் என்றால் தை பிறக்கட்டும்; மேலிருந்து கீழாக வெட்டுங்கள், கீழிருந்து குடைய வேண்டாம்.

மழைக்கு முன் செய்யக்கூடியவை நான்கு இருக்கின்றன. நான்குக்கும் பெரிய டெண்டர் தேவையில்லை. அடைத்த பதினொரு துளைகளையும் திறவுங்கள். உச்சிக் கால்வாயைத் தூர்வாருங்கள். தோட்டத்து ஓடையை ஓரமாகத் திருப்ப அந்த உரிமையாளருக்கு எழுத்தில் உத்தரவு கொடுக்கச் செய்யுங்கள். பொத்தென்று ஒலிக்கும் கற்களைக் கயிற்றில் ஆள் இறங்கி நெம்பி இறக்குங்கள். இதற்குப் பாதையை வேலைநாட்களில் சில மணி நேரம் மூட வேண்டியிருக்கும். முன்கூட்டியே சொன்னால் நாங்கள் பொறுத்துக்கொள்வோம். பள்ளி நேரத்தையும் மாற்றிக்கொள்ளலாம். கல்லின் ஒலி தெரிந்த கைகள் சேலத்துக் கரடுகளில் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்குத் தலைக்கவசமும் இடுப்புக் கயிறும் காப்பீடும் கொடுத்துக் கூப்பிடுங்கள். என் அப்பாவுக்கு அது எதுவும் கிடைத்ததில்லை.

இருபது வளைவுகளுக்கும் இடையிலுள்ள வெட்டுகளுக்கும் சேர்த்துச் சரிவுப் பதிவேடு ஒன்று தொடங்குங்கள். எந்த இடம், என்ன வகைத் தளர்ச்சி, கடைசியாக யார் எப்போது பார்த்தார், என்ன செய்தார். கல் விழுந்து யாருக்கும் ஒன்றும் ஆகாத நாட்களும் அதில் ஏற வேண்டும். ஓட்டுநர்கள் சொல்வதைக் கேட்டு எழுத வேண்டும். சொன்னதற்காக அவர்களை விசாரிக்கக் கூடாது. அந்தப் பதிவேட்டின் நகல் அடிவாரச் சோதனைச் சாவடியில் தமிழில் தொங்கட்டும்.

மலைமேல் பெய்யும் மழையின் அளவைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் தாண்டினால் பாதையை மூடுவது என்று முன்னதாகவே முடிவு செய்து அறிவியுங்கள். கல் விழுந்தபிறகு மூடுவதை மூடுதல் என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்தப் பலகையை எடுத்துவிட்டு 'இங்கே வண்டியை நிறுத்தாதீர்கள்' என்று வையுங்கள். இறங்கும் பஸ்கள் காத்து நிற்கும் இடத்தை வளைவுக்கு மேலே, திறந்தவெளி இருக்கும் பக்கம் மாற்றுங்கள். கூடை வைத்து விற்கும் அக்காக்களைத் துரத்திவிட்டுக் கணக்கை முடித்துவிடாதீர்கள். அங்கேயே அவர்களுக்கும் இடம் கொடுங்கள்.

கடைசியாக, சாலை, சரிவு, தோட்டம் மூன்றையும் சேர்த்துப் பதில் சொல்ல ஒரே ஓர் அலுவலரை நியமித்து, அவருடைய பதவியையும் தொலைபேசி எண்ணையும் எங்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். முப்பது நாளுக்குள் அந்தப் பதில் வேண்டும். வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், அகலப்படுத்தும் வேலைக்கு யார் எந்த ஆய்வின் பேரில் ஒப்புதல் கொடுத்தார் என்று கேட்பேன்; என்னோடு சேர்ந்து கேட்க இருபத்துமூன்று பெற்றோர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

வெடித்த இரண்டு பட்டைகளின் பக்கத்தில் நேற்று புதிதாக இரண்டு பூசியிருக்கிறேன். ஈரம் காயவில்லை, வரும்போது கை வைத்துவிடாதீர்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே இருப்பேன். கடப்பாரை என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
மலைப்பள்ளிக் கணித ஆசிரியை ஒருத்தி,
கோரிமேடு, சேலம்.